முதலில் நிலம், அப்புறம் குழாய்

எல்லோருக்கும் வணக்கம்.

கனடாவின் வடக்கே, மெக்கன்சி ஆற்றங்கரையில் நார்மன் வெல்ஸ் என்று ஒரு சிற்றூர். 1920இல் அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். அந்த எண்ணெயைத் தெற்கே ஆல்பர்ட்டாவுக்குக் கொண்டுபோக 869 கிலோமீட்டர் குழாய் பதித்து, 1985இல் ஓடவிட்டார்கள். அரசு, நிறுவனம், பழங்குடி மக்கள் என மூன்று தரப்பையும் ஒருங்கிணைத்து முடித்த வேலை என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. என்னால் பாராட்ட முடியவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். அதே பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் போடலாமா என்று விசாரிக்க, 1974இல் நீதிபதி தாமஸ் பெர்கரைக் கனடா அரசு நியமித்தது. அவர் தலைநகரில் உட்கார்ந்து மனு வாங்கவில்லை. 35 ஊர்களுக்கு நேரில் போனார். மீன் பிடிப்பவர்கள், கண்ணி வைத்துப் பிழைப்பவர்கள், வயதான பெண்கள் எல்லோரும் ஊர்க் கூடத்தில் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். நடந்ததை வானொலி அந்த மொழிகளிலேயே ஒலிபரப்பியது. ஒரு ஊரில் சொன்னது அடுத்த ஊருக்கும் தெரிந்தது. வழக்கறிஞரும் நிபுணரும் வைத்துக்கொள்ளப் பழங்குடி அமைப்புகளுக்கு அரசே பணம் கொடுத்தது. கையில் பணமில்லாதவரை வெறுமனே கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

1977இல் பெர்கர் அறிக்கை கொடுத்தார். மெக்கன்சி பள்ளத்தாக்கில் பத்தாண்டுக்குக் குழாய் வேண்டாம், அதற்குள் பழங்குடிகளின் நில உரிமையைத் தீர்த்து வையுங்கள் என்றார்.

நான்கே ஆண்டில், 1981இல், நார்மன் வெல்ஸ் குழாய்க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அங்குள்ள பழங்குடிகளான டெனே, மெட்டிஸ் மக்களின் நில உரிமைப் பேச்சு முடிந்தபாடில்லை. கட்டுமானத்தை இரண்டு ஆண்டு தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணெய் வயலில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கே சொந்தம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அனுமதி கொடுப்பவரும் பங்காளியும் ஒருவரே என்றால் நடுநிலை எங்கிருந்து வரும்?

பொறியாளர்கள் மண்ணைக் கவனமாகவே பார்த்தார்கள். ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் உறைநிலம் உருகிவிடக் கூடாதென்று எண்ணெயைக் குளிரவைத்து அனுப்பினார்கள். பனிக்கட்டி மிகுந்த சரிவுகளில் மரச்சில்லுகளைப் பரப்பி மூடினார்கள். ஆனால் அந்த மண் யாருடையது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. நார்மன் வெல்ஸ் இருக்கும் சாட்டு பகுதி மக்களோடு உடன்படிக்கை கையெழுத்தானது 1993இல்தான். எண்ணெய் ஓடத் தொடங்கி எட்டு ஆண்டு ஆகியிருந்தது.

பாடம் கற்காமலும் இல்லை. மெக்கன்சி எரிவாயுத் திட்டம் மறுபடி வந்தபோது, பழங்குடிகள் தாங்களே ஒரு குழுமம் அமைத்துக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு உரிமை பேசினார்கள். பள்ளத்தாக்கின் தென்பகுதியில் வாழும் டேச்சோ பழங்குடி மக்கள் மட்டும், எங்கள் நிலப் பேச்சு முடியட்டும் என்று அதில் சேராமல் நின்றார்கள். அது பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள். நார்மன் வெல்ஸில் நடந்ததைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? எரிவாயு விலை கட்டுப்படியாகாமல் 2017இல் நிறுவனங்கள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டன. டேச்சோ நிலப் பேச்சு அப்போதும் முடிந்திருக்கவில்லை.