சாம்பல் ஆண் பறவையை வித்துடாதீங்க – ஜீப்ரா ஃபின்ச் கலர் பிரீடிங்

வணக்கம் மக்களே, கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து பேசுறேன், மாடியில கூண்டுக்கிட்டதான் நிக்கிறேன், பின்னாடி பீப் பீப்னு கேக்குது பாருங்க அது பூரா நம்ம ஜீப்ரா ஃபின்ச்தான், கூண்டுல வளக்குற சின்னக் குருவி. இன்னிக்கி கலர் மியூட்டேஷன், அதாவது அசல் கலர் மாறிப் பொறக்குறது பத்தி பேசலாம், ஏன்னா நேர்ல வர்ற பசங்க எல்லாரும் முதல்ல கேக்குறது வெள்ளை இருக்கா, பென்குயின் இருக்கா, ஃபான் ஜோடி கெடைக்குமான்னுதான், இதெல்லாம் இந்தக் குருவியோட கலர் வகைப் பேரு, சாம்பல் கலர்ல இருக்குற ஆண் பக்கம் ஒருத்தர் கூட திரும்பிப் பாக்குறது இல்ல. கடையிலயும் அதுதான் இருக்குறதுலயே கம்மி விலைக்கு போகுது. எனக்கு அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏன்னா கலர் எடுக்கணும்னா அந்தச் சாம்பல் ஆண்தான் அஸ்திவாரமே.

இந்தா இவனைப் பாருங்க. கன்னத்துல ஆரஞ்சு, நெஞ்சுல கறுப்பு வெள்ளைக் கோடு, விலாவுல செம்பழுப்புல வெள்ளைப் புள்ளி, கண்ணுக்குக் கீழ கண்ணீர் வழிஞ்ச மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ஆஸ்திரேலியாவுல வறண்ட காட்டுல கூட்டம் கூட்டமா சுத்துற அசல் கலர் இதுதான், நார்மல் கிரேன்னு சொல்லுவோம். பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கான், ஆனா இவனோட அம்மா ஃபான், அதாவது சாம்பலுக்குப் பதிலா வெளிர் பழுப்பு. அந்த ஃபான் இவன் ரத்தத்துல ஒளிஞ்சிருக்கு, இதைத்தான் ஸ்ப்ளிட்டுனு சொல்றது.

இப்ப இது கொஞ்சம் கவனமா கேளுங்க. ஆணா பொண்ணான்னு முடிவு பண்ற குரோமோசோம், மனுசங்கள்ல ஆம்பளைக்கு எக்ஸ் ஒய், பொம்பளைக்கு ரெண்டு எக்ஸ். பறவைல அப்படியே தலைகீழ், ஆணுக்கு ரெண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட் ஒரு டபிள்யூ. ஃபான், அப்புறம் சிஎஃப்டபிள்யூன்னு சொல்ற செஸ்ட்நட் ஃப்ளாங்க்டு ஒயிட், அதாவது உடம்பு வெள்ளையாகி ஆணுக்கு விலாச் செம்பழுப்பு போகாம இருக்குறது, அப்புறம் முதுகு வெளிர் சாம்பலா வர்ற லைட்பேக், இந்த மூணு கலரும் இசட்டுல உக்காந்திருக்கு. பெண்ணுக்கு இருக்குறதே ஒரே இசட், அதுவும் அப்பா குடுத்தது, அதனால அது எதையும் ஒளிச்சு வைக்க முடியாது, ஃபான் இருந்தா ஃபானாதான் தெரியும், இல்லன்னா இல்லவே இல்ல. ஆணுக்கு ரெண்டு இருக்குறதால ஒண்ணுல ஃபான் இருந்தும் இன்னொண்ணு அதை மூடிடும், வெளிய சாம்பலா தெரியும். அதனால யாராச்சும் "இது ஸ்ப்ளிட் ஃபான் பொண்ணு"னு சொல்லி வித்தா வாங்காதீங்க, அப்படி ஒரு பறவையே கெடையாது. வெள்ளை, வெள்ளைத் திட்டு போட்ட பைடு, நெஞ்சுல கோடில்லாம வெள்ளையா இருக்குற பென்குயின் இதெல்லாம் வேற கணக்கு, அது இசட்டுல இல்லாததால அதுல ஆணும் ஸ்ப்ளிட்டா இருக்கலாம் பொண்ணும் ஸ்ப்ளிட்டா இருக்கலாம், ரெண்டு பக்கமும் ஸ்ப்ளிட்டா இருந்தா சராசரியா நாலுக்கு ஒண்ணு வெளிய வரும்.

இருங்க, இவன் கூடு கட்டியிருக்குற பானையைக் காட்டுறேன், கையை விட மாட்டேன் லைட் மட்டும் அடிக்கிறேன். தெரியுதா? இவனுக்கு ஜோடி போட்டது நார்மல் சாம்பல் பொண்ணு. குஞ்சுகள்ல இந்த ஓரத்துல இருக்குறது முதுகுல முளைக்கிற இறகு குச்சி குச்சியா கறுத்த சாம்பல்ல வருது, பக்கத்துல இருக்குறதுக்கு அதே இடத்துல இளம் பழுப்பா வருது. மூக்கு ரெண்டுக்கும் கறுப்புதான், கன்னத்துல கலர் வர இன்னும் நாள் கெடக்கு. ஆனா அந்தப் பழுப்புக் குஞ்சு பொண்ணுதான்னு இப்பவே அடிச்சு சொல்லலாம், ஏன்னா இந்த ஜோடியில ஃபானா பொறக்க பொண்ணால மட்டும்தான் முடியும். சாம்பலா வர்றது ஆணாவும் இருக்கலாம் பொண்ணாவும் இருக்கலாம், ஆணா இருந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு அவனும் ஸ்ப்ளிட். எது ஸ்ப்ளிட்டுனு பாத்து சொல்ல முடியாது, ஜோடி போட்டு குஞ்சு வந்தாதான் தெரியும்.

இன்னொண்ணு சொல்றேன், இதுல ரொம்ப பேரு ஏமாந்துட்டோம்னு நெனைப்பாங்க. சிஎஃப்டபிள்யூ ஆணையும் ஃபான் பொண்ணையும் சேத்தா என்ன வரும்? பொண்ணுங்க எல்லாம் சிஎஃப்டபிள்யூ. ஆணுங்க எல்லாம் சாம்பல்! ரெண்டு கலர் பறவைக்கு சாம்பல் எப்படிப் பொறக்கும், வித்தவன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போவாங்க. யாரும் ஏமாத்தல, ரெண்டு கலரும் இசட்டுல வேற வேற இடத்துல இருக்கு, அதனால ஒவ்வொண்ணையும் எதிர் இசட்டுல இருக்குற நார்மல் ஜீன் மூடிடுது, அந்தப் பையன் ரெண்டுக்குமே ஸ்ப்ளிட். அவனை சாம்பல்னு சொல்லி கடையில தள்ளிட்டீங்கன்னா ரெண்டு கலரையும் சேத்து தள்ளிட்டீங்க.

வெள்ளைன்னு சொல்லி சிஎஃப்டபிள்யூ பொண்ணைக் குடுத்துடுவாங்க, கண்ணுக்குக் கீழ பாருங்க, அந்தக் கண்ணீர்க் கோடு இருந்தா அது வெள்ளை இல்ல சிஎஃப்டபிள்யூ. கொண்டை வச்சது வாங்குறவங்க கொண்டைக்கு கொண்டை ஜோடி தயவுசெஞ்சு போடாதீங்க, ரெண்டு பக்கமும் அந்த ஜீன் வந்த குஞ்சு, கணக்குப்படி நாலுல ஒண்ணு, முட்டைக்குள்ளயே செத்துரும். கொண்டை ஒரு பக்கம் இருந்தாலே பாதி குஞ்சு கொண்டையோட வரும், அப்புறம் எதுக்கு அந்தப் பாவம்?

கணக்கு சரியா வரணும்னா ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடிதான். பெரிய காலனி கூண்டுல பாக்க அழகா இருக்கும், ஆனா எந்தக் குஞ்சுக்கு யாரு அப்பான்னு சத்தியமா தெரியாது. ஜோடி மாத்தும்போதும் பொண்ணை மூணு வாரம் தனியா விடுங்க, பழைய ஆணோட விந்து பத்து பன்னெண்டு நாள் வரைக்கும் உடம்புல தங்கும். நோட்டு போட்டு எழுதுங்க, காலுக்கு கலர் ரிங் போடுங்க. ரிங் கலர்ல கூட விஷயம் இருக்கு, நான்சி பர்லின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1980கள்ல சிவப்பு ரிங் போட்ட ஆணுங்களைத்தான் ஜீப்ரா பொண்ணுங்களுக்குப் பிடிக்குதுன்னு எழுதுனாங்க, பின்னாடி செஞ்ச ஆய்வுகள் சிலதுல அது அப்படி வரல, எப்படியோ தனி ஜோடியில அந்தக் கவலையே இல்ல.

கலருக்காக வெள்ளைக்கு வெள்ளையே தலைமுறை தலைமுறையா, அண்ணன் தங்கச்சின்னு பாக்காம போட்டுக்கிட்டே போனா உடம்பு சின்னதாகும், குஞ்சு தேறாது. நடுவுல வேற ரத்தத்து நல்ல திடமான சாம்பலைக் கொண்டாந்து விடுங்க, கலர் ஒரு தலைமுறை மறையும், அந்தக் குஞ்சுகளை மறுபடி வெள்ளைக்குப் போட்டா அடுத்ததுல வரும், பொறுமை வேணும் அவ்ளோதான். வருசத்துக்கு ரெண்டு மூணு ஈத்துக்கு மேல விடாதீங்க, அப்புறம் பானையை கழட்டிருங்க.

கால்சியத்துக்கு கடல் நுரை, அதான் கணவாய் ஓடு, கடையில காசு குடுத்து வாங்க வேண்டாம், தேவனாம்பட்டினம் பீச்ல காலைல நடந்தா ஒதுங்கிக் கெடக்கும். நல்ல தண்ணியில ஊறப்போட்டு தினம் தண்ணி மாத்தி, நாக்குல வச்சா உப்பு கரிக்காத அளவுக்கு வந்ததும் வெயில்ல காயவச்சு கூண்டுல கட்டுங்க, முட்டை போடுற பொண்ணு அதை விடவே விடாது.

அப்புறம் வயல் பக்கம் வலை போட்டு புடிக்கிற சில்லை, தினைக்குருவி, அதை ஃபின்ச்சுனு சொல்லி சாயம் பூசிக்கூட விப்பாங்க, நம்மூர் காட்டுப் பறவையைப் புடிக்கிறதும் விக்கிறதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், தொடவே தொடாதீங்க.

ஐப்பசி கார்த்திகைல நான் ஜோடியே சேக்குறது இல்ல, ஈரத்துலயும் குளிர்லயும் முட்டை அடைச்சுக்கிட்டு பொண்ணு போய்டும், தினையும் பூசணம் புடிச்சிரும். தை பொறந்ததும் பானையில பாத்த அந்த ஃபான் பொண்ணை அவ அப்பன்கிட்ட இல்லாம வேற ரத்தத்து சாம்பல் ஆணுக்கு போடப்போறேன், குஞ்சு வந்ததும் காட்டுறேன். வரட்டுமா மக்களே, தண்ணி மாத்தணும்.