எழுபது தலைக்கட்டும் ஒரு தூளியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய குடும்பத்தில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளை எப்படி நடத்துவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்கு நாத்தனார் ஐந்து பேர், கொழுந்தன் மூன்று பேர். என் பக்கம் அண்ணன் தம்பி நாலு பேர். ஏழு பேரப்பிள்ளைகளுக்கு ஆண்டு நிறைவு நடத்தி முடித்துவிட்டோம், எட்டாவது வருகிறது. ஏழுக்கும் கணக்கு நோட்டு என் கையில்தான் இருந்தது. இந்தத் தகுதியோடுதான் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேத்திக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்தோம். விடியற்காலை நாலரைக்கு மதுரையிலிருந்து வேன் கிளம்பியது. ஆண்டிபட்டிப் பக்கம் குலதெய்வம் கோயில். ஏழு மணிக்கு மொட்டை, எட்டரைக்குக் காதுகுத்து, மத்தியானம் கிடா விருந்து. மூன்று மணிக்குத் திரும்பி, சாயங்காலம் மண்டபத்தில் மூன்றடுக்குக் கேக். ஏழரைக்குக் கேக் வெட்டும்போது பிள்ளை அப்பாவின் தோளில் தூங்கிவிட்டாள். தூங்குகிற கையில் கத்தியைப் பிடிக்க வைத்து வெட்டினோம். வீடியோவில் அப்படியே இருக்கிறது. சந்தனம் காய்ந்து வெடித்த மொட்டைத்தலை ஒரு பக்கமாகத் தொங்குகிறது, சுற்றி எல்லாரும் கை தட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ பார்ட்டி பாப்பரை வெடிக்க, பதறி எழுந்தவள் அழுத அழுகை வீடு போய்ச் சேரும் வரை நிற்கவில்லை. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. அந்த வீடியோவைப் போட்டால், "ஆச்சி, இதுல நான் ஒரு இடத்துலகூட சிரிக்கலையே" என்கிறாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நம் வழக்கத்திலேயே இதற்கு வழி இருக்கிறது என்று. நமக்குப் பிறந்தநாள் இரண்டு. ஒன்று நட்சத்திரம், இன்னொன்று தேதி. நட்சத்திரத்துக்குக் கோயில், தேதிக்குக் கேக் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

இரண்டுக்கும் எத்தனை நாள் இடைவெளி வரும்? இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. டீச்சர் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். நிலா ஒரு சுற்று வந்து அதே நட்சத்திரத்தில் நிற்க 27 நாளும் கிட்டத்தட்ட எட்டு மணி நேரமும் ஆகும். பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள். வருஷத்துக்கு 365. அதாவது, முதல் வருஷம் நட்சத்திரம் தேதிக்குச் சுமார் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடும். ஆனால் பிள்ளை தமிழ் மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் பிறந்திருந்தால், பத்து நாள் முன்னால் என்பது முந்தின மாதத்துக்குப் போய்விடும். மாதமும் பொருந்த வேண்டும் இல்லையா? அதனால் அடுத்த சுற்றைத்தான் எடுக்க வேண்டும், அது தேதி தாண்டிச் சுமார் பதினேழு நாளில் வரும். ஆக, பத்து நாள் முன்னால், இல்லையென்றால் பதினேழு நாள் பின்னால். பஞ்சாங்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஒரு நாள் அப்படி இப்படி இருக்கும்.

இந்தப் பத்து நாளில் பிள்ளைக்கு அலுப்புத் தீரும், மொட்டைத்தலையில் முடி மினுமினுவென்று துளிர்க்கும். செலவும் இரண்டு மாதச் சம்பளத்தில் பிரிந்து விழ வாய்ப்புண்டு.

கோயிலுக்கு எல்லாரையும் கூப்பிட வேண்டாம். பங்காளிகளும் தாய்மாமன் வீட்டாரும் போதும். தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது, அவர் மடிதான் பிள்ளைக்கு மணை. எங்கள் இரண்டாவது மருமகளுக்கு அண்ணன் தம்பி மூன்று பேர். யார் மடியில் உட்கார வைப்பது என்று ஒரு வாரம் போன் ஓடியது. கடைசியில் மொட்டைக்குப் பெரியவர் மடி, காதுகுத்துக்கு நடுவில் உள்ளவர் மடி, மண்டபத்தில் கேக் வெட்ட சின்னவர் மடி என்று பேசி முடித்தோம். அரைஞாண் கொடி, கொலுசு, தோடு என்று சீர்த் தட்டையும் மூவரும் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கும் குறையில்லை. மொட்டை போடுகிறவர் புது பிளேடை உங்கள் கண்முன்னால் பிரிக்கட்டும். காது குத்தும் ஆசாரியிடமும் ஊசியைக் கேட்டுப் பாருங்கள், இதில் கூச்சப்படக் கூடாது. காப்பரிசியைப் பிரியமாகப் பிள்ளை வாயில் திணிக்க ஓர் அத்தை வருவார். ஊறின அரிசியும் பொட்டுக்கடலையும் ஒரு வயசுப் பிள்ளைக்குப் புரையேறும், தடுத்துவிடுங்கள்.

மண்டபத்துக்கு வருவோம். எங்களுக்கு எழுபது தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு நாலு பேர் என்றால் 280. போன தடவை வந்தது 196. ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாள், அப்படியிருந்தும் அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் முக்கால்வாசிக்குத்தான் சமைக்கச் சொல்கிறேன். எங்கள் சமையல்காரர் கணக்கு ஒரு கிலோ அரிசிக்குப் பத்து பேர், இருபத்தொரு கிலோ போட்டால் போதும். கூடுதலாக ஐந்து கிலோ ரவை வாங்கி வைத்துவிடுவேன். கூட்டம் மிஞ்சினால் இருபது நிமிஷத்தில் உப்புமா ரெடி. ஒரு தடவை கைகொடுத்தது, சொந்தக்காரர்கள் அதைத்தான் ருசியென்று சொல்லிவிட்டுப் போனார்கள், பிரியாணியை இல்லை!

அழைப்பு விஷயத்தில் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். மகன் அழகாகப் படம் செய்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பெரிய நாத்தனார் வரவில்லை. போனில் கேட்டால், "போட்டோ அனுப்புனீங்க, பாத்தாச்சு. அழைக்கலையே" என்றார். அன்றிலிருந்து பங்காளி வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் நேரில் போய்க் குங்குமம் கொடுத்து அழைப்போம். மற்றவர்களுக்குப் போன். படம் அதற்கு அப்புறம், வழி தெரிவதற்காக.

சரி, பிறந்தநாள்காரருக்கு வருவோம். ஒரு வயசுப் பிள்ளை ஒரு நாளில் பதினொன்றிலிருந்து பதினாலு மணி நேரம் தூங்கும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. அந்தப் பகல் தூக்கம் எப்போது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அது முடிந்து பால் குடித்த பிறகு வருகிற நேரம்தான் கேக் நேரம். எங்களுக்கு அது காலை பதினொன்றரையாக அமைந்தது. பன்னிரண்டுக்குக் குழந்தைகளுக்கும் சர்க்கரைக்காரப் பெரியவர்களுக்கும் முதல் பந்தி. ராகு காலம் பார்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொந்தரவே இல்லை, அது நாலரைக்குத்தான் வருகிறது.

மண்டபம் பார்க்கப் போகும்போது எல்லாரும் ஏசியையும் மேடையையும் பார்ப்பார்கள். நான் அறைக்குள் போய் அண்ணாந்து பார்ப்பேன். கூரையில் கொக்கி இருக்கிறதா? இருந்தால், பாட்டியின் பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டிவிடலாம். எழுபது தலைக்கட்டும் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சும்போது பிள்ளைக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். அந்த வயசில் வேற்று முகம் பார்த்தால் அழுவது இயல்பு. "என்ன, யார்கிட்டயும் வரமாட்டேங்குது" என்று சொல்லித் தாயைக் குறை பேசாதீர்கள்.

இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோகும் முன் தடுப்பூசி அட்டையையும் ஒரு தடவை பாருங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் போடுகிற தட்டம்மை, ரூபெல்லா ஊசி விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள். கேக் கிரீம் பிள்ளைக்கு வேண்டாம், இரண்டு வயசு வரை சர்க்கரை சேர்க்க வேண்டாமென்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். மசித்த வாழைப்பழத்தை ஊட்டிப் போட்டோ எடுங்கள், படத்தில் வித்தியாசம் தெரியாது. உடைந்த பலூன் துண்டைப் பொறுக்குவதற்கென்றே பெரிய பையன் ஒருவனை நிறுத்துங்கள், அது தொண்டையில் ஒட்டினால் ஆபத்து. வலைத்துணி கவுன் போட்டால் உள்ளே முழுக்கப் பருத்தி லைனிங் இருக்கிறதா என்று கை விட்டுத் தடவிப் பாருங்கள். மூன்றாவது பேத்திக்கு அக்குள் முழுக்கச் சிவந்துபோய், பாதி விழாவை ஜட்டியோடுதான் கொண்டாடினாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எல்லாப் போட்டோவிலும் இருக்கிறது.

எட்டாவது பேரன் போன ஐப்பசி 12ஆம் தேதி பிறந்தவன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவன் நட்சத்திரம் வருகிற ஐப்பசியில் 2ஆம் தேதி வாக்கிலும் வருகிறது, 29ஆம் தேதி வாக்கிலும் வருகிறது. இரண்டு தடவை வந்தால் பின்னதை எடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் தாய்மாமன் சிங்கப்பூரில் இருக்கிறார், அவருக்குத் தீபாவளியை ஒட்டித்தான் லீவு. இன்று ராத்திரி போன் போட்டுக் கேட்க வேண்டும். வணக்கம்.