கடுகு சிறுத்தாலும்

(திருகோணமலையில் நடந்த சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, நகரசபை உறுப்பினர்களே, கோணேசர் கோயிலடியிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கும் பரிபாலன சபைப் பெரியவர்களே, பொன்னாடைக்கு நன்றி. முன்வரிசை வைத்தியர்களே, பிழை பிடிப்பதென்றால் தேநீர் நேரத்தில் பிடியுங்கள்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: பங்கசு, அதாவது பூஞ்சணம், வெளியே விடும் நுண்பைகள், அவற்றிலுள்ள புரதங்கள், அவற்றை வைத்துத் தடுப்பூசி செய்யும் முயற்சி.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. இந்தப் பைகளின் அளவு சில நூறு நனோமீற்றருக்குள்தான். தடித்த கலச்சுவரையும் தாண்டி இவை வெளியே வருவதை 2007இல் கிரிப்டோகொக்கஸ் பங்கசில் காட்டினார்கள். கன்டிடா அல்பிகன்ஸ் என்ற பங்கசு நம் வாயிலும் குடலிலும் சும்மா கிடப்பது. அது உருண்டை மதுவமாக (ஈஸ்ட்) இருக்கையில் விடும் பைகளில் கலச்சுவர்ப் புரதங்கள் அதிகம். இழையாக நீண்டுவிட்டால் சரக்கு பலவகை. புரதங்களை வெட்டித் தள்ளும் புரோட்டியசோம்கூட வேலை செய்யும் நிலையிலேயே உள்ளே இருக்கிறது. ஆள் ஒன்றுதான், வேஷத்துக்கு வேஷம் மடியில் இருப்பது வேறு.

படர்தாமரைப் பங்கசு வேறு இனம். அதுவும் பை விடும். அதைச் சொன்னதும் திருக்கடலூர்ச் சம்மாட்டி, வள்ள முதலாளி ஒருவர் ஞாபகம் வருகிறார். இடுப்பில் அரிப்பு. வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமலே மருந்துக்கடையில் ஸ்டீரொயிட் கலந்த கிறீம் வாங்கினார். சிவப்பு அடங்கியதும் மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானுக்குப் பிதுக்கிக் கொடுத்தார், மச்சான் மருமகனுக்குக் கொடுத்தார், கடைசியில் வள்ளத்தில் இருந்த எல்லார் இடுப்பிலும் அதே கிறீம்! அப்புறம் வட்டம் முதுகுக்கு ஏறியது. வீட்டுக்காரி, "கிறீமோடு திண்ணையில் படுங்கோ" என்று பாயைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார். சிரிக்காதீர்கள், பின்வரிசையில் யாரோ சொறியும் சத்தம் கேட்கிறது.

ஸ்டீரொயிட் அரிப்பை அடக்கும். தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கும். பங்கசுக்கு வேறென்ன வேண்டும்?

பங்கசுதானா என்று பார்க்க, மழுங்கிய பிளேட்டால் வட்டத்தின் விளிம்பைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு துளி பொட்டாசியம் ஐதரொட்சைட்டு விட்டு, சற்றுப் பொறுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இழை தெரியும். இதற்குக் கோடிக்கணக்கிலா செலவு? மூதூரிலும் கிண்ணியாவிலும் புல்மோட்டையிலும் இந்தப் பரிசோதனை அங்கங்கேயே கிடைக்க வேண்டும். துண்டு இல்லாமல் ஸ்டீரொயிட் கிறீம் விற்பது நிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமே 2022இல் 19 பங்கசுகளை முன்னுரிமைப் பட்டியலில் போட்டிருக்கிறது. கன்டிடா அல்பிகன்ஸ் அதில் மிக ஆபத்தான வரிசையில். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னேன்?

தடுப்பூசிக்கு நேரமில்லை, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இந்தப் பரிசோதனையும் விற்பனைத் தடையும் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதுங்கள். போன முறை வெறும் கையெழுத்து என்று திருப்பிவிட்டார்கள்.