மேளம் தூக்கவா அமெரிக்கா வந்தோம்?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் டெக்சாஸ் வாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் நம் பிள்ளைகளை ஆளாக்குவது, களத்தில் வாத்தியம் வாசித்தபடி அணிவகுத்து நடக்கும் மார்ச்சிங் பேண்டா, படிப்பில் கிடைக்கும் ஆனர்ஸ் சிறப்புகளா என்பது தலைப்பு. நான் பேண்டு அணி. மணி அடிக்க அமர்ந்திருக்கும் தம்பி பள்ளியில் டிரம் வாசிப்பவர் என்று கேள்விப்பட்டேன். ஆகவே எனக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “என் தந்தை நிலத்தை விற்று என்னைப் பொறியியல் படிக்க வைத்தது, என் பிள்ளை இங்கே வந்து வெயிலில் மேளம் தூக்குவதற்கா?” என்று கேட்டார். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகச் சொன்னால் தட்டத்தானே வேண்டும்? அதற்குப் பதில் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தத் தந்தைக்கு முன்னால் இன்னொரு தந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், மனைவியும் உடன் இருக்கிறார். மகன் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில்தான் பேண்டு களமிறங்கும். அதே வெள்ளிக்கிழமை இரவில்தான் நண்பருக்கு அலுவலகத்தில் புரொடக்‌ஷன் ரிலீஸ் வரும். இப்படியே பருவங்கள் கழிந்து, மனைவியின் பொறுமையும் கழிந்து, ஒருநாள் கைப்பேசியை முழுமையாகச் சார்ஜ் செய்துகொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்.

களத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு மேல். ஒரே சீருடை, ஒரே இறகு வைத்த தொப்பி, ஒரே நிறத்துக் காலணி. தொப்பி நெற்றியை மறைக்க, வாத்தியம் வாயை மறைக்க, எஞ்சியிருப்பது மூக்கு மட்டுமே. உணவுக் கடையில், பேண்டுக்கு நிதி திரட்டும் பெற்றோரின் பூஸ்டர் கிளப்புக்காக நாச்சோஸ் விற்றுக்கொண்டிருந்த மனைவி, “நாற்பது கெஜக் கோடு, இடமிருந்து மூன்றாவது” என்று குறுஞ்செய்தி அனுப்பினார். இவர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்து முடிப்பதற்குள் அந்த வரிசை வட்டமாகிவிட்டது. வட்டத்தில் மூன்றாவது யார்? நண்பர் கலங்கவில்லை. கிளாரினெட் வைத்திருந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, “இது நம் வீட்டு நடை” என்று தமக்குத் தாமே உறுதி கூறிக்கொண்டு, எட்டு நிமிடமும் அந்த ஒரே பிள்ளையை நெருக்கமாகப் படம் பிடித்தார். கண் கலங்கியபடியே பிடித்தார். அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றினார்.

மறுநாள் கும்பகோணத்திலிருந்து தாயார் அழைத்தார். “பேரன் நன்றாக ஊதுகிறான். நல்ல உயரம். முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது” என்றார். நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை. மகனை அழைத்துக் காணொளியைக் காட்டினார். அவன் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னான்: “அப்பா, இது எங்கள் செக்‌ஷன் லீடர். பெண்.”

சற்றுப் பொறுங்கள், கதை முடியவில்லை. மனசாட்சி உறுத்த நண்பர் ஊருக்கு அழைத்து உண்மையைச் சொன்னார். அதற்குள் அந்தக் காணொளி தெரு முழுவதும் சுற்றி, கோவில் குருக்கள் பார்த்து, பால்காரர் இரண்டு முறை பார்த்திருந்தார். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. தாயார் வருந்துகிறார் என்று நண்பர் நினைத்தார். பிறகு பாட்டி கேட்டார்: “பெண்ணா? அப்படியானால் அது யார் வீட்டுப் பிள்ளை, விசாரித்தாயா?”

எதிரணித் தலைவர் சிரிக்கிறார், நடுவர் அவர்களே, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் கேட்டிருக்காது என்பதால் சுருக்கமாக மறுபடி சொல்கிறேன். பெற்ற தகப்பன், பத்து மாதத்திலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளையை விட்டுவிட்டு, எட்டு நிமிடம் ஊரார் வீட்டுப் பெண்ணைப் படமெடுத்து, அதைப் பார்த்த பாட்டி சம்பந்தமே பேசத் தொடங்கிவிட்டார். இதில் தவறு யாருடையது? நண்பரின் கண்ணுடையது அன்று. அந்தப் பேண்டின் திறமையுடையது. ஐந்து கெஜத்துக்கு எட்டு அடிகள் என்பது அவர்களின் அடிப்படைக் கணக்கு; ஒவ்வோர் அடியும் இருபத்திரண்டரை அங்குலம். ஆறடிப் பையனும் ஐந்தடிப் பெண்ணும் அதே இருபத்திரண்டரை அங்குலத்தை, அதே தாளத்தில், ஊதிக்கொண்டே, கீழே பார்க்காமல் வைக்க வேண்டும். அதிக மதிப்பெண் பெற்றவர்களின் ஆனர் ரோல் பட்டியலில் உங்கள் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவன் வென்றிருக்கிறான் என்று பொருள். பேண்டில் உங்கள் பிள்ளையைத் தனியாகக் கண்டுபிடிக்க முடிந்தால் அவன் தப்படி வைத்துவிட்டான் என்று பொருள். நம் பிள்ளைகளுக்கு முதல் வகைப் பயிற்சி போதுமான அளவு கிடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வகைப் பயிற்சியை இந்த நாட்டில் வேறு எங்கே கொடுப்பீர்கள்?

எதிரணியின் கணக்கு வாதத்தை விரைவாகப் பார்த்துவிடுகிறேன். ஏபி எனும் கல்லூரித் தரப் பாடத்தில் ஏ வாங்கினால் ஐந்து புள்ளி; அப்படி ஆறு பாடங்களில் வாங்கினால் சராசரி 5.0, ஏழாவதாக, நான்கு புள்ளி மட்டுமே தரும் பேண்டிலும் ஏ வாங்கினால் அது 4.857 ஆகிவிடும் என்றார்கள். உண்மைதான், பல பள்ளி மாவட்டங்களில் முழு மதிப்பெண் வாங்கியதற்காகவே சராசரி இறங்கும் அதிசயம் நடக்கிறது. பள்ளியின் முதல் பத்து விழுக்காட்டினருக்கு டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று 1997-இல் சட்டம் வந்ததிலிருந்து இந்தத் தசமப் புள்ளிகள் நம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஆனால் தராசு தவறாக நிறுத்தால் தராசைத்தானே திட்ட வேண்டும், சரக்கை ஏன் திட்டுகிறீர்கள்? பேண்டுப் பிள்ளைகள் படிப்பதில்லை என்றும் ஒருவர் சொன்னார். 1984 முதல் இதே டெக்சாஸில் “தேறாவிட்டால் ஆட்டமில்லை” என்ற விதி இருக்கிறது. ஏதாவது ஒரு பாடத்தில் எழுபதுக்குக் கீழே போனால், சில மேல்நிலைப் பாடங்களுக்குத் தளர்வு இருந்தாலும், குறைந்தது மூன்று வாரம் போட்டி மேடையை மறந்துவிட வேண்டியதுதான். பேண்டில் நிற்பவனைச் சட்டமே படிக்க வைக்கிறது. ஏன், படிப்புப் போட்டிகளின் சிகரம் என்று நீங்கள் சொன்ன அகாடமிக் டெகத்லானின் பத்துப் பிரிவுகளில் ஒன்று இசை. அதன் ஒன்பது பேர் அணியில் மூன்று பேர் சராசரி மதிப்பெண் குறைந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்பதும் விதி. முதல் மாணவர்கள் மட்டும் சேர்ந்து அந்தக் கோப்பையைத் தூக்க முடியாது.

இப்போது அந்த மேளத்துக்கு வருகிறேன். “மேளம் தூக்கவா” என்று நண்பர் கேட்ட தொனியை அரங்கம் கவனித்திருக்கும். நண்பரே, இன்று காலை இதே மண்டபத்தின் வாசலில் நம் சங்கத்துப் பிள்ளைகள் பறை முழக்கியபோது முன்னால் நின்று தற்படம் எடுத்துக்கொண்டது நீங்கள்தானே? காலை பத்து மணிக்குப் பெருமையாக இருந்த தோற்கருவி, பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி இழிவாயிற்று? ஊரில் மேளம் அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த பழக்கத்தைப் பெட்டிக்குள் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்து, சுங்கச் சோதனையும் கண்டுபிடிக்காதபடி இங்கே கொண்டுவந்துவிட்டோம். சங்க காலத்திலோ, முரசு கட்டில் என்று தெரியாமல் அதில் ஏறி உறங்கிவிட்டார் புலவர் மோசிகீரனார். வாளால் வெட்டத் தக்க குற்றம் அது. சேர அரசன், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டவில்லை. கவரியை எடுத்துப் புலவருக்கு விசிறினான் என்று புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு சொல்கிறது. படித்தவனுக்கு அரசன் விசிறியதைச் சொல்லி எதிரணி மகிழலாம். ஆனால் அந்தக் கட்டில் யாருக்காகச் செய்யப்பட்டது? முரசுக்கு, ஐயா, முரசுக்கு! கட்டிலில் படுக்க வைத்து, மலர் பரப்பி, நீராட்டி வைத்திருந்த மரபில் வந்தவர் கேட்கிறார், மேளம் தூக்கவா என்று.

தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? உடலைச் சுற்றி மாட்டும் பெரிய ஊதுகருவியான பித்தளை சூசாஃபோன் ஒன்று முப்பது பவுண்டைத் தாண்டும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆகஸ்ட் மாதத்து டெக்சாஸ் வெயிலில் நடப்பதை உடற்கல்விப் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ள மாநிலமே அனுமதித்திருக்கிறது. நாமோ வாகன நிறுத்தத்தில் நிழல் தேடி மூன்று சுற்றுச் சுற்றுகிறோம்.

நிலத்தை விற்ற உங்கள் தந்தையைப் பற்றியும் சொல்லி விடுகிறேன். எங்கள் தெருவுக்கு ஒரு குடும்பம் வந்தது. தந்தைக்கு ஒப்பந்த வேலை. ஒரு பிராஜெக்ட் முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த பள்ளி. மகள் மதிப்பெண் அட்டையில் எல்லாம் ஏ. மதிய உணவை யாரோடு உண்கிறாள் என்பதற்கு அந்த அட்டையில் கட்டம் இல்லை. நூலகத்தில், படிப்பது போல ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தனியாகத்தான் உண்டிருக்கிறாள். பெற்றவர்களுக்குத் தெரியாது, அவள் சொல்லவுமில்லை. இங்கே வந்த கோடையில் பேண்டோடு கொடி சுழற்றி ஆடும் கலர் கார்டு குழுவில் சேர்ந்தாள். வாத்தியம் தெரியாதவளுக்கு ஒரு கொடியைக் கொடுத்து, பள்ளி திறப்பதற்கு முன்பே நடக்கும் பேண்டு முகாமில் வெயிலில் நிறுத்திக் கற்றுக் கொடுத்தார்கள். பள்ளி திறந்த முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்து, “அம்மா, காரிடாரில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்” என்றாளாம். இதைச் சொன்னபோது அந்தத் தாய் எங்கள் சமையலறையில் நின்று அழுதார்.

கடைசி வருடத்து மாணவர்களைக் களத்தில் சிறப்பிக்கும் சீனியர் நைட்டில், பெற்றோரோடு அவள் களத்துக்குள் நடந்தபோது, ஒலிபெருக்கி அவள் பெயரைத் துண்டு துண்டாக உடைத்தது. அடுத்த நொடியில் பின்னாலிருந்து இருநூறு பிள்ளைகள், ழகரத்தையும் சேர்த்து, அந்தப் பெயரைச் சரியாகக் கத்தினார்கள். இது வாதமா என்று எதிரணி கேட்கும். இல்லைதான். எந்தப் பட்டியலிலும் இதற்கு மதிப்பெண் கிடையாது, எந்தத் தரவரிசையிலும் இது ஏறாது. ஆனால் நிலத்தை விற்ற தகப்பன் அந்த மைதானத்தில் இருந்திருந்தால், இன்னொரு வேலி நிலம் இருந்தாலும் விற்றிருப்பார்.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பரின் மகள் எட்டாம் வகுப்பில் புல்லாங்குழல் வாசிக்கிறாள். இதே அரங்கில் இரண்டாவது வரிசையில் அமர்ந்து, தந்தை பேசியபோது தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புக்கான பாடத்தேர்வுப் படிவம் இப்போதுதான் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. தீர்ப்பை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், கோப்பையை அவர்களே எடுத்துக்கொண்டு போகட்டும். அந்தப் படிவத்தில் பேண்டு என்ற கட்டத்தில் நண்பர் கையெழுத்துப் போட்ட பிறகு தீர்ப்பைச் சொல்லுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.