ஆஸ்பத்திரி வந்தாச்சு, சேதி வரலையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மண்டபம் கடற்கரை மணலிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

கடலோர மக்களின் உடல்நலம் கெடப் பெரிய காரணம் வசதிக் குறைவா, சரியான தகவல் கிடைக்காததா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஆஸ்பத்திரி, டாக்டர், ஆம்புலன்ஸ் என்று ஒரு பட்டியல் வாசித்தார். அதில் பாதி வந்துவிட்டதே அண்ணே! 2008-ல் 108 வந்தது. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று. மிச்சமும் வரட்டும், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் வந்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு நம் ஆள் எப்போது போகிறார்? அங்கேதான் எங்கள் அணி நிற்கிறது.

கடல்பாம்பையே எடுத்துக்கொள்வோம். வலையைப் படகில் கொட்டி மீனைப் பிரிக்கும்போது அதுவும் சேர்ந்து கிடக்கும். இருட்டில் கை பட்டால் கடித்துவிடும். கடித்தால் என்ன தெரியும்? முள் குத்தியது போல ஒரு சுருக், அவ்வளவுதான். பெரிய வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. நம் ஆள் கையை உதறிவிட்டு அடுத்த மீனை எடுப்பார். அரை மணியோ சில மணி நேரமோ கழித்து உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும், தாடை இறுகும், இமை தானாகச் சரியும். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும். ‘காத்து ஒத்துக்கலை’ என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால் என்ன ஆகும், சொல்லுங்கள்.

இந்த இடத்தில் எதிரணி துள்ளிக் குதிக்கும் என்று தெரியும். ‘நம் ஆஸ்பத்திரியில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தானே, கடல்பாம்புக்கு இல்லையே, இது வசதிக் குறைவுதானே’ என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சுக்கு மெஷின் வைத்தும், கிட்னிக்கு டயாலிசிஸ் செய்தும் ஆளைக் காப்பாற்ற முடியும். அதற்கு அவர் நேரத்தோடு போக வேண்டும், ‘கடல்ல கடிச்சது’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். வலிக்காத கடிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

திருக்கை முள் இதற்கு நேர் எதிர், உயிர் போகிற வலி. அதற்குச் சுண்ணாம்பு தடவுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த விஷம் சூட்டில் அடங்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், தோல் வெந்துவிடாமல், காலைச் சுடுநீரில் அரை மணிக்கு மேல் வைத்தால் வலி குறையும். படகில் அடுப்பு இருந்தால் இது கரைக்கு வருமுன்பே முடிகிற காரியம். அப்புறம் முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வெந்நீருக்கு எந்தக் கட்டடம் குறைச்சல், அண்ணே?

அடுத்து நம் வாட்ஸ்அப் வைத்தியர். ‘சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைக் குடி’ என்று பேர் இல்லாத ஒரு குரல் வருகிறது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, வாங்கி வைக்கிறார்கள், சாப்பிடுவதில்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் கிட்னியை அரிக்கிறது என்பதை யாரிடம் கேட்டுத் தெளிவது? சர்க்கரையைக் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்யக்கூடாதென 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. பத்திரிகை என்றால் வழக்குப் போடலாம், சித்தப்பா ஃபார்வர்டு செய்தால்?

தர்கா இருக்கும் நம் ஏர்வாடியைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனசு வராது. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். தர்காவில் குணமாகும் என்று நம்பி அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடூரமானவர்களா? இது நோய், இதற்கு மருந்து உண்டு என்று சொல்ல நம்பிக்கையான ஓர் ஆள் இல்லாத குடும்பங்கள் அவை என்றுதான் நான் நினைக்கிறேன். தர்காவுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை, எல்லா மதத்துக்காரரும் போகிற இடம் அது. பின்னாளில் அங்கேயே ‘தவா-துவா’ என்று மருந்தையும் பிரார்த்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்துவிட்டது. இது எத்தனை வீட்டில் தெரியும்? 14416-க்கு அடித்தால் மனநல ஆலோசனை இலவசம் என்பது?

‘போஸ்டர் ஒட்டினோமே, யார் படித்தார்கள்’ என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. போஸ்டரிடம் திருப்பிக் கேட்க முடியாது, அம்மா. அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-ஐ அழைத்தால் எதிர்முனையில் ஓர் ஆள் பேசுகிறார், சந்தேகம் கேட்கலாம். பாம்பனில் கடல் ஓசை 90.4 என்று மீனவர்களுக்கென்றே ஒரு வானொலி இருக்கிறது. நம் பேச்சிலேயே பேசுகிறார்கள், அதனால் காது கொடுக்கிறோம். கடல்பாம்பையும் சுகர் மாத்திரையையும் பற்றி அதே பேச்சில் ஒரு டாக்டர் வந்து வாராவாரம் பதில் சொல்லட்டும்.

‘நடுக்கடலில் டவர் ஏது’ என்றும் கேட்டார்கள். அதனால்தான் கரையிலேயே சொல்லியாக வேண்டும் என்கிறோம். கடலுக்குப் போக அனுமதி தரும் மீன்பிடி டோக்கனுக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் ஒரு நர்ஸம்மா ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். புதுக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.