விறைப்பு வேறு, ஆசை வேறு, உச்சம் வேறு

வணக்கம். புராஸ்டேட் புற்றுநோய் சிகிச்சை முடிந்த ஆண்கள், மருத்துவரின் அறையைவிட்டு வெளியே வந்த பிறகு மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். 'இனி தாம்பத்தியம் அவ்வளவுதானா?' நானும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். புற்றுநோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. எண்ணைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள், இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஆசை, விறைப்பு, உச்சம் என்று இவை மூன்று. ஒன்று போனால் மற்ற இரண்டும் கூடவே போய்விடுவதில்லை. விறைப்பே வராத நிலையிலும் உச்சத்தை அடைய முடியும். ஏனென்றால் அந்த உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு வழியாகப் போகிறது. பல ஆண்களுக்கு இது தெரியவே தெரியாது. தெரியாததால் மனைவியைத் தொடுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

விறைப்பைத் தூண்டும் நரம்புகள் புராஸ்டேட்டின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. 1982இல் பாட்ரிக் வால்ஷ் என்ற அமெரிக்க மருத்துவர் அவற்றைக் காப்பாற்றியபடி புராஸ்டேட் சுரப்பியை அகற்றிக் காட்டினார். ஆனால் புற்று நரம்பை நெருங்கியிருந்தால் நரம்பையும் சேர்த்து எடுக்கத்தான் வேண்டும். காப்பாற்றப்பட்ட நரம்பும் இழுபட்டு, அடிபட்டு, மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மீள்வதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். மூன்றாம் மாதமே 'எல்லாம் முடிந்தது' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கதிர்வீச்சில் கதை தலைகீழ். தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கும், ஓரிரு ஆண்டுகளில் விறைப்பு மெல்லமெல்லத் தளரும். ஹார்மோன் சிகிச்சையோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைத்து ஆசையையே அணைத்துவிடும். அப்படிப்பட்டவரிடம் மனைவி 'என்மேல் அன்பு குறைந்துவிட்டதா?' என்று கேட்டால், அதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? மருந்துதான் காரணம் என்பதை மருத்துவரே இருவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஆலோசனைக்குத் துணைவியையும் அழைத்துச் செல்லுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

சில்டெனாபில், டாடலாபில் போன்ற மாத்திரைகள் நரம்பு அனுப்பும் சமிக்ஞையை வலுப்படுத்துகின்றன. சமிக்ஞையே இல்லாத முதல் மாதங்களில் அவை பெரிதாக வேலை செய்யாமல் போகலாம். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்குறியில் போடும் ஊசிக்கு நரம்பின் தயவு தேவையில்லை, நேராக இரத்தக் குழாயை விரிக்கிறது. கேட்கும்போது உடல் கூசும், ஆனால் ஊசி மிக மெல்லியது. காற்றை உறிஞ்சி, ஆண்குறிக்குள் இரத்தத்தை இழுத்து விறைப்பைத் தரும் வெற்றிடப் பம்பு இருக்கிறது. எதுவும் பலிக்காவிட்டால் உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவியும் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் மறந்துவிடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். விறைப்பு 4 மணி நேரம் அடங்காமல் நின்றால் வெட்கத்தை விட்டுவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அறுவைக்குப் பிறகு உச்சத்தின்போது விந்து வெளிவராது. விந்து நீரைச் சுரக்கும் விந்துப்பைகளும் புராஸ்டேட்டோடு போய்விடுகின்றன. சிலருக்கு அந்த நொடியில் கொஞ்சம் சிறுநீர் கசியும். முன்கூட்டியே சிறுநீர் கழித்துவிடுங்கள், பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். துணைவியிடமும் முன்பே சொல்லிவைத்துவிட்டால் இருவருக்கும் பதற்றம் இருக்காது.

சிகிச்சை இன்னும் தொடங்காதவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு வேலை இன்றே இருக்கிறது. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் விந்தணுவைச் சேமித்துவைப்பது பற்றி இப்போதே கேளுங்கள். என் நரம்புகளைக் காக்க முடியுமா, ஒரு பக்கமா இரு பக்கமுமா என்றும் கேளுங்கள். இப்போது உங்கள் விறைப்பு எப்படி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பின்னால் எவ்வளவு மீளும் என்பது பெருமளவு அதைப் பொறுத்தது. அடுத்த காணொளியில் சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியை எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன்.