பேழைக்குள் வெப்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

கடவுள் நம்பிக்கையுள்ள விஞ்ஞானிகள் ஏராளம். அவர்களில் பலருக்கு ஆலயமும் ஆய்வுக்கூடமும் முட்டிக்கொள்வதே இல்லை. நான் இன்று எடுத்துக்கொண்டது முட்டிக்கொண்ட ஒரு வழக்கு. எதிராளி யாரும் போட்ட வழக்கல்ல. நம்பிக்கையாளர்களே அளந்து, அவர்களே அச்சிட்டது.

அமெரிக்காவில் இன்ஸ்டிடியூட் ஃபார் கிரியேஷன் ரிசர்ச் என்ற அமைப்பு, பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்று வேதாகமத்தை வைத்து வாதிடுவது. 1997 முதல் 2005 வரை 'ரேட்' என்ற பெயரில் அது ஒரு ஆய்வை நடத்தியது. கதிரியக்கத்தை வைத்துக் கணிக்கும் பாறை வயது எங்கே தவறுகிறது என்று காட்டுவது நோக்கம். ஆய்வு செய்தவர்கள் சாமானியர்கள் அல்லர். ஜான் பாம்கார்ட்னர் அமெரிக்க அரசின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஆண்ட்ரூ ஸ்னெல்லிங் யுரேனியப் படிவங்களை ஆராய்ந்து பட்டம் பெற்ற நிலவியலாளர்.

ஸ்னெல்லிங் எடுத்துக்கொண்டது சிர்கான் மணிகள், அதாவது பாறைக்குள் இருக்கும், யுரேனியம் சிறிது கலந்த நுண்ணிய படிகங்கள். யுரேனியம்-238 பொதுவாக ஆல்பா துகளை உமிழ்ந்து சிதையும். ஏறத்தாழ 18 லட்சம் சிதைவுக்கு ஒன்று, அணுக்கரு இரண்டாகப் பிளக்கும். பிளந்த துண்டுகள் படிகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் கீறல்தான் பிளவுத் தடம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. மணியை டெஃப்லானில் பதித்து, மெருகேற்றி, சுமார் 220 டிகிரியில் உருக்கிய காரத்தில் (அல்கலியில்) பல மணி நேரம் வைத்தால் தடம் அகலமாகி நுண்ணோக்கியில் தெரியும். நேரம் குறைந்தால் பாதித் தடங்கள் கண்ணில் படாது. கூடினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். தடம் கூடக் கூட வயதும் கூடும். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, யுரேனியம் எவ்வளவு இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதற்கு மணியோடு மைக்கா தகட்டை ஒட்டி அணு உலையில் வைப்பார்கள்; அங்கே பிளக்கும் யுரேனியம் தகட்டில் விடும் தடங்களை எண்ணினால் அளவு தெரியும்.

எண்ணி முடித்த பிறகு குழு ஒப்புக்கொண்டது இதுதான்: இன்றைய வேகத்தில் கணக்கிட்டால் 50 கோடி ஆண்டுக்கும் மேலான சிதைவு நடந்தே இருக்கிறது. இதை மறைக்காமல் எழுதியதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வயதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சிதைவின் வேகம்தான் மாறியது, நோவா காலப் பிரளயத்தின் ஒரே ஆண்டில் அவ்வளவும் நடந்தது என்றார்கள்.

காகிதமும் பேனாவும் இருந்தால் நீங்களும் சரிபார்க்கலாம். ஒரு கன மீட்டர் கருங்கல்லில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் சேர்ந்து தருவது ஒரு வாட்டின் 10 லட்சத்தில் சுமார் இரண்டரைப் பங்கு. 50 கோடி ஆண்டுக்கு அது ஏறக்குறைய 4,000 கோடி ஜூல். அந்தக் கல்லை ஒரு டிகிரி சூடாக்க 25 லட்சம் ஜூல் போதும். வகுத்துப் பாருங்கள்: 16,000 டிகிரி. 1,000 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே கருங்கல் உருகத் தொடங்கிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெப்பம் மெல்லக் கசிந்து வெளியேறும். ஒரே ஆண்டில் அதற்கு வழியில்லை.

இன்னொன்று. சில நூறு டிகிரி வெப்பம் நீடித்தால் சிர்கானில் உள்ள தடங்கள் அழிந்துபோகும். ஆக, எதை எண்ணி அந்த முடிவுக்கு வந்தார்களோ அதுவே அங்கே இருந்திருக்கக் கூடாது.

பிரளயத்துக்குத் தப்ப நோவா கட்டிய பேழைக்குள் இருந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். நம் உடம்பிலேயே 140 கிராம் போலப் பொட்டாசியம் உண்டு. அதில் சிறு பங்கு கதிரியக்கமுள்ளது. அதனால் ஆண்டுக்குக் கிடைப்பது 0.17 மில்லி சீவர்ட் (சீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவுகோல்). அதை 50 கோடியால் பெருக்குங்கள். பொட்டாசியம் அவ்வளவு வேகமெடுக்கவில்லை என்று சொல்லி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 85 சீவர்ட். ஐந்தே சீவர்ட் ஆளைக் கொல்லப் போதும்.

வெப்பமும் கதிர்வீச்சும் தீராத சிக்கல்கள் என்று குழுவே அறிக்கையில் எழுதியது. விண்வெளி விரிந்து எல்லாப் பொருளையும் குளிர்வித்திருக்கலாம் என்று குழுவிலிருந்த இயற்பியலாளர் ரசல் ஹம்ஃப்ரீஸ் ஒரு யோசனை சொன்னார். அந்தக் குளிர்ச்சி கல், கடல் என்று பார்த்துப் பார்த்து வராது. கருங்கல்லை ஆற்றும் அளவுக்கு வந்தால் கடல் உறைந்துவிடும். பேழை மிதக்கத் தண்ணீர் இருக்காது.

நன்றி, வணக்கம்.